தக்காளிக்கும் வேண்டும் ஒரு பந்தல்

திருமறையின் 'அல் அன்ஆம்' அத்தியாயம் 141-ஆம் வசனத்தில் வல்ல இறைவன் தான் படைத்த தோட்டங்களை இரு வகையாகக் குறிப்பிடுகின்றான். பந்தலில் படர விடப்படுபவை ஒரு வகை. பந்தல் வேண்டாது தாமே நிற்பவை மற்றொரு வகை. பேரீச்சையும் தானியப் பயிர்களும் ஒலிவமும் மாதுளையும் அதே வசனத்தில் தொடர்ந்து வருகின்றன. அரபு மூலத்தில் ஆளப்பட்டுள்ள 'மஃரூஷாத்' என்னும் சொல், உயர்த்திக் கட்டப்பட்டதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. கீற்றுப் பந்தலுக்கு அரபியர் வழங்கும் 'அரீஷ்' என்ற சொல்லும் அவ்வேரினதே. பத்ருப் போர்க்களத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்காக அமைக்கப்பட்ட பந்தலை வரலாற்றாசிரியர்கள் இப்பெயராலேயே அழைக்கின்றனர்.

வாசகச் சகோதர சகோதரிகளே! நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் தக்காளியை இவ்விரு வகைகளில் எதில் சேர்ப்பீர்கள்? புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் போடுவோம். அவரையைக் கூரைமேல் ஏற்றிவிடுவோம். தக்காளியை மட்டும் 'செடி' என்று சொல்லித் தரையோடு விட்டுவிடுகிறோம். திருநெல்வேலிச் சீமையில் பெரும்பாலான வீடுகளில் இதுவே வழக்கம். ஆனால் தக்காளி உண்மையில் செடியும் அன்று, கொடியும் அன்று. புடலைக்கு இருப்பது போன்ற பற்றுக்கம்பி அதற்குக் கிடையாது. அவரையைப் போலக் கொம்பைச் சுற்றிக்கொள்ளும் இயல்பும் கிடையாது. கத்தரியைப் போலக் கட்டை பாய்ந்து நிமிர்ந்து நிற்கும் வலிமையும் இல்லை. கொழுகொம்பைத் தானே தேடிப் பற்றிக்கொள்ளத் தெரியாத ஒரு தாவரம் அது. மனிதக் கை கட்டிவிட்டால் நிற்கும். இல்லையேல் காய்ப்பாரம் ஏறியதும் சாய்ந்து படுத்துவிடும்.

அதன் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையும் ஆண்டிஸ் மலைச்சாரலும் ஆகும். அங்கே காட்டில் வளரும் அதன் இனங்களின் பழங்கள் பட்டாணியளவும் கோலிக்குண்டளவுமே இருக்கும். வறண்ட தரையில் அவை படர்ந்து கிடந்தாலும் பெருங்கேடு விளைவதில்லை. மனிதன்தான் பழத்தைப் பெரிதாக்கினான். அந்தப் பாரத்தைத் தாங்கும் தண்டை அதற்கு அளித்தானில்லை. நம் நாட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது, ஏற்கெனவே இங்கிருந்த மணத்தக்காளியிலிருந்தும் சொடக்குத் தக்காளியிலிருந்தும் பிரித்தறியச் 'சீமைத் தக்காளி' என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் சீமை உதிர்ந்து வெறும் தக்காளியாயிற்று. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலியா நகரில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் இப்னுல் அவ்வாம், 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெரும் வேளாண் நூலை யாத்தார். நூற்றுக்கணக்கான பயிர்களைப் பேசும் அந்நூலில் தக்காளியைத் தேடினால் கிடைக்காது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது ஐரோப்பாவை எட்டியதே 16-ஆம் நூற்றாண்டில்தான்.

தரையில் படுத்த தக்காளிக்கு நேர்வது என்ன? பழத்தின் அடிப்பக்கம் ஈரமண்ணில் படுகிறது. மண்ணில் வாழும் பூஞ்சை அப்பழத்தில் பழுப்பு வளையங்களாகப் பரவி அழுகச் செய்கிறது. மழைத்துளி தரையில் விழுந்து சேற்றைத் தெறிக்கும்போது, அதனோடு நோய் வித்துகளும் கீழ் இலைகளில் ஒட்டிக்கொள்கின்றன. இலைக் கருகல் பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறுவதன் காரணம் இதுவே. இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் உள்ளே காற்றோட்டம் இல்லை. காலைப்பனி நண்பகல் வரை உலர்வதில்லை. நத்தையும் எலியும் அணிலும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும். செடி நிறையக் காய்த்திருந்தும் கூடையில் வந்து விழுவது பாதிதான் என்று பல வீடுகளில் அங்கலாய்க்கக் கேட்கிறோம்.

இது ஏதோ பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று எண்ணிவிட வேண்டாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதை எந்தக் குடும்பமும் மறந்திராது. தமிழக அரசு சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. வேறு சில மாதங்களில் இதே தக்காளி, பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுவதையும் பார்க்கிறோம். கணவர் வளைகுடாவிலோ வெளியூர்க் கடையிலோ உழைக்க, வருகின்ற பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் சகோதரிக்கு, சால்னாவுக்கும் தாளிச்சாவுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் வேண்டிய தக்காளி கொல்லையிலேயே கிடைப்பது சிறிய ஆறுதல் அன்று. அப்படிக் கிடைத்த அருட்கொடையை மண்ணில் அழுக விடுவது வீண்விரயத்தில் சேரும். மேற்சொன்ன வசனம் முடிவதே வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளையோடுதான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

முதலில் விதையைக் கேளுங்கள்

எந்தப் பந்தல் வேண்டும் என்பது எந்த விதை என்பதைப் பொறுத்தது. தக்காளியில் இரு குணங்கள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட உயரம் வந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் குட்டை இனம். மற்றொன்று, நுனி ஓயாமல் நீண்டுகொண்டே போகும் நெட்டை இனம். நம் பகுதியில் மிகப் பெயர் பெற்ற பி.கே.எம்.1 முதல் வகையைச் சார்ந்தது. தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சி என்னும் ஊரின் நாட்டுத் தக்காளியைத் திருத்தி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய இனம் இது. பழம் தட்டை உருண்டையாய், தோள்பட்டையில் பச்சை நிறத்தோடு இருக்கும், புளிப்பும் உண்டு. 'மருதம்' என்று பெயர் பெற்ற கோ.3 இனமும் குட்டையே. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'அர்க்கா ரக்ஷக்' போன்ற வீரிய ஒட்டு இனங்கள் கனமாகக் காய்ப்பவை. அவற்றுக்குத் தாங்கல் இல்லாமல் இயலாது. இலைச்சுருட்டை நச்சுயிரி, வாடல், இலைக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் திறன் அதற்குண்டு. ஆனால் ஒட்டு விதையின் பழத்திலிருந்து விதை எடுத்து மறுமுறை விதைத்தால் தாயின் குணம் அப்படியே வாராது.

விளைச்சலைப் பற்றியும் ஒரு சொல். விதை உறையின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பி.கே.எம்.1 ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் தரும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 37,000 செடிகள் நிற்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு செடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இருபது செடி வைத்த வீட்டுக்கு மூன்று நான்கு வார அறுவடையில் பதினைந்து பதினாறு கிலோ எதிர்பார்க்கலாம். அதிலும் பாதி அழுகிப் போனால் மிஞ்சுவது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். ஒட்டு இனங்கள் இதைவிடப் பல மடங்கு தரும்; அந்தப் பல மடங்கும் பந்தல் நின்றால்தான்.

தச்சநல்லூர்க் காற்றும் வெயிலும்

வெளிநாட்டுத் தோட்ட நூல்களைப் படித்துவிட்டு அதே அளவில் இங்கே பந்தல் கட்டுபவர்களைப் பார்த்ததுண்டு. குளிர் நாட்டில் வெயில் அருமை. ஆகவே செடியை மெலிதாக்கி, இலைகளைக் கழித்து, கதிரவனை நோக்கி நிறுத்துகிறார்கள். தாமிரபரணியின் வடகரையில், மதுரைச் சாலையில் அமைந்த தச்சநல்லூரின் நிலை வேறு. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்பது பாகையே வடக்கே இருக்கும் ஊர் இது. சித்திரைப் பிறப்பையொட்டியும் மீண்டும் ஆவணியிலும் கதிரவன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறான். ஆகவே ஒளிக்காக வரிசையின் திசையைப் பற்றி நாம் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி.

ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று மழையைத் தருவதில்லை. மண்ணை உலர்த்தி மரத்தை முறிக்கிறது. நம் வாழைத் தோட்டக்காரர்கள் தார் ஈன்ற மரங்களுக்குக் கம்பு முட்டுக் கொடுப்பது இதற்கு அஞ்சித்தான். தக்காளிப் பந்தலைத் தெற்கு வடக்காக நீளமாகக் கட்டினால் அந்தக் காற்று அதன் அகலம் முழுவதிலும் மோதும். பந்தல் பாய்மரம்போலாகிப் பெயர்ந்துவிடும். கிழக்கு மேற்காகக் கட்டினால் காற்று வரிசையின் ஊடே ஓடிப் போகும். மேற்குக் கோடியில் அகத்தி நாலைந்து நட்டுவைத்தால் அது நல்ல காற்றுத்தடை, கீரைக்கும் ஆகும்.

வெயிலைப் பற்றி: பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸையும் இரவு வெப்பம் 24 பாகையையும் தாண்டி நீடித்தால் தக்காளிப் பூ காயாகாமல் உதிரும். பழுக்கும்போது கடும் வெப்பம் இருந்தால் செந்நிறமும் ஏறாது. மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்கும். எனவே சித்திரை, வைகாசியில் எந்தப் பந்தலும் கை கொடுக்காது. நவம்பர், டிசம்பரில் விதைத்து, 25 நாள் நாற்றைப் பிடுங்கி நட்டு, பிப்ரவரி, மார்ச்சில் பறிப்பதே நமக்கு வாய்ப்பான பட்டம். இவ்வாண்டுகளில் ரமலானும் அதே மாதங்களை ஒட்டி வருவது வசதியே. அடைமழையைக் கருதி மேட்டுப் பாத்தி போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நெல்லையும் தூத்துக்குடியும் அறியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தின் முன் கம்பு என்ன, வீடே நிற்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் வரும் வழக்கமான ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உயர்ந்த பாத்தியும் உறுதியான கம்பும் போதுமானவை.

பனைமட்டை இருக்கையில் செலவு ஏன்?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களிலும் கருநாடகத்துக் கோலாரிலும் வயல் வயலாகக் கம்பு ஊன்றித் தக்காளி பயிரிடுகின்றனர். தைல மரக் கம்பும் கம்பியும் கயிறும் அவர்களுக்கு முதலீடு. இருபது செடி வைக்கும் வீட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை. பெயரைக் கேட்டதும் தச்சர் நினைவுக்கு வருகிற ஊரில் இருந்துகொண்டு நாம் கடைக்கு ஓட வேண்டுமா என்ன!

நெல்லைச் சீமை பனையின் சீமை. காய்ந்து விழும் பனைமட்டை மூன்று நான்கடி நீளம் இருக்கும். இரு ஓரமும் கருக்குப் பல்லாக இருப்பதால் கயிறு வழுக்குவதில்லை. குட்டை இனத்துக்கு இதைவிட உகந்த ஊன்றுகோல் இல்லை. கையைக் கிழித்துவிடும் என்பதால் கீழ்ப்பகுதிக் கருக்கைச் சீவிவிட்டு, சிறுவர்களிடம் கொடுக்காமல் பெரியவர்களே ஊன்றுவது நலம். நெட்டை இனத்துக்கு ஐந்தாறடி வேண்டும். சவுக்குக் கம்பும் மூங்கிலும் நல்லவை. ஊரெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் நேரான கிளைகளை முள் கழித்துக் காயவைத்தால் அதுவும் ஆகும். கோவில்பட்டிக் கரிசல் பக்கத்தில் உறவினர் இருந்தால் பருத்திமார் கேட்டு வாங்கலாம். ஆனால் அது ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது.

ஒன்றில் கவனம் தேவை. பூவரசு, கிளுவை, முருங்கை ஆகியவற்றின் பச்சைக் கிளையை ஊன்றினால் மழை பெய்ததும் அது துளிர்த்துவிடும். பிறகு தக்காளிக்கு முட்டுக் கொடுக்க வந்தது தக்காளியின் நீரைக் குடித்துத் தான் மரமாகும். எந்தக் கம்பையும் நன்றாகக் காயவைத்தே ஊன்றுங்கள். கரையான் தொல்லைக்கு முன்னோர் கண்ட வழி எளியது: மண்ணுக்குள் போகும் ஒன்றரையடியை நெருப்பில் காட்டி மேல்தோல் கருகும்படி சுட்டெடுப்பது. எந்திரக் கழிவு எண்ணெயைப் பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உண்ணும் பயிரின் வேரருகே அது வேண்டாம்.

உயிருள்ள கொழுகொம்பு பற்றிக் கேட்பவர்களும் உண்டு. நம் ஆற்றின் கடைமடையில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தியே கொழுகொம்பு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. வெற்றிலைக்கு நிழல் வேண்டும். தக்காளிக்கு வெயில் வேண்டும். ஆகவே அகத்தியைத் தக்காளிக்குக் கொம்பாக்க முடியாது. ஆயினும் கொடிக்கால் விவசாயியிடமிருந்து கற்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் முதலில் அகத்தியை விதைத்து வளர்க்கிறார்; அது நிமிர்ந்த பின்னரே அதன் காலடியில் வெற்றிலைக் கொடியைப் பதிக்கிறார். நாமோ தக்காளி சாய்ந்த பிறகுதான் கம்பு தேடிப் புறப்படுகிறோம். வளர்ந்த செடியின் பக்கத்தில் கம்பை அடித்து இறக்கும்போது வேர் அறுகிறது. அறுந்த வேரின் வாய்வழியே வாடல் நோய் நுழைகிறது. சாய்ந்த தண்டை நிமிர்த்தும்போது அது முறிகிறது. நாற்று நடும் அன்றைக்கே, அல்லது அதற்கு முன்பே, கம்பு நிலத்தில் நின்றிருக்க வேண்டும்.

கட்டும் முறை

குட்டை இனத்துக்கு நான் பரிந்துரைப்பது இரட்டைக் கயிற்று வேலி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பண்ணைகளில் இம்முறை பெரிதும் கையாளப்படுவதால் அதன் பெயராலேயே அழைக்கின்றனர். நமக்கு அது பாய் நெய்வதுபோலத்தான். பத்தமடைக் கோரைப்பாய் நெய்யும் நம் சமுதாயப் பெண்கள் ஒரு முறை பார்த்தாலே புரிந்துகொள்வார்கள்.

பாத்தியின் இரு கோடியிலும் உறுதியான கம்பு ஊன்றி, வெளிப்புறமாக ஒரு முளையடித்து இழுகயிறு கட்டுங்கள். பாரமெல்லாம் கோடிக் கம்பில்தான் வந்து நிற்கும். இடையில் இரண்டு அல்லது மூன்று செடிக்கு ஒரு கம்பு. செடி ஓரடி வளர்ந்ததும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முதற் கயிறு. கோடிக் கம்பில் முடிச்சிட்டு, செடிகளின் ஒரு பக்கமாக இழுத்து வந்து, ஒவ்வொரு கம்பிலும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி, மறுகோடியை அடைந்ததும் திரும்பி, செடிகளின் மறுபக்கமாக வந்த வழியே மீள வேண்டும். செடிகள் இரு கயிற்றுக்கும் இடையில் அகப்பட்டு நிமிர்ந்து நிற்கும். செடி ஒவ்வொரு சாண் வளரும்போதும் அடுத்த கயிறு. பி.கே.எம்.1-க்கு மூன்று கயிறு போதும். தனித்தனியே கட்ட வேண்டிய வேலையே இல்லை. இருபது செடிக்கு ஒரு சுற்றுக் கயிறிட அரைமணி நேரம் ஆகாது. அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் முடித்துவிடலாம்.

நெட்டை இனத்துக்கு ஆறடி உயரத்தில் குறுக்குக் கம்பு கட்டி, ஒவ்வொரு செடிக்கும் மேலிருந்து ஒரு சணல் கயிற்றைத் தொங்கவிட்டு, தண்டை அதில் வாரம் ஒரு முறை சுற்றிவிட வேண்டும். இலைக்கணுவில் முளைக்கும் பக்கத் துளிர்களை விரலால் கிள்ளிவிடலாம். ஆனால் நூல்களில் சொல்வதுபோல் ஒற்றைத் தண்டாக மொட்டையடிக்க வேண்டாம். நம் வெயிலில் இலை மறைப்பில்லாத காயின் தோல் வெந்து, வெள்ளைத் தழும்பு விழும். இரண்டு தண்டு விடுங்கள். இலை நிழலில் காய் இருக்கட்டும். முதற் பூங்கொத்துக்குக் கீழுள்ளவற்றையும் மண்ணைத் தொடும் இலைகளையும் கழித்தால் போதும். குட்டை இனத்தில் பக்கக் கிளைகளைக் கிள்ளவே கூடாது. அதன் காய்ப்பெல்லாம் அக்கிளைகளில்தான்.

கட்டுக்கு எது? தனித் தண்டைக் கம்போடு சேர்க்க வாழைநார் மிக உகந்தது. வாழை விளையும் பள்ளத்தாக்கில் அதற்கு விலையும் இல்லை. ஒரு பருவம் தாங்கி, பின்னர் மண்ணோடு மக்கும். பழைய கைலியை விரலகலம் கிழித்தும் பயன்படுத்தலாம். நைலான் நூலும் மெல்லிய கம்பியும் வேண்டவே வேண்டாம். தண்டு பருக்கும்போது அதை அறுத்துவிடும். முடிச்சு கம்பில் இறுக, தண்டில் தளர. தமிழ் எட்டைப் போலன்றி நாம் எண்ணில் எழுதும் 8-ஐப்போலக் கயிற்றைக் குறுக்கே மாற்றிக் கட்டினால், கம்பும் தண்டும் உராயா.

நிமிர்ந்த செடியில் காற்று நன்றாகப் பாய்வதால் மண் விரைவில் உலரும். வாழைச்சருகோ வைக்கோலோ பரப்பி மூடுங்கள். சேறு தெறிப்பதும் அதனால் நிற்கும். நீரை ஒரு நாள் வெள்ளமாகவும் நான்கு நாள் வறட்சியாகவும் விட்டால் பழத்தின் அடி கறுத்துக் குழியும். அதைப் பந்தல் தடுக்காது. இலைச்சுருட்டை நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கு, மஞ்சள் வண்ணம் தீட்டிய தகரத்தில் ஆமணக்கெண்ணெய் தடவிக் கம்பிலேயே தொங்கவிடலாம்.

இன்னொரு நுட்பம். தக்காளிப் பூ தன் மகரந்தத்தைக் குழாய்க்குள் பூட்டி வைத்திருக்கிறது; அதிர்ந்தால்தான் உதிரும். சாதாரணத் தேனீக்கு அவ்வித்தை தெரியாது. உடலில் நீல வரிகள் கொண்ட ஒரு காட்டுத் தேனீ, பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசைகளை முரல வைத்து மகரந்தத்தை உதிர்க்கிறது. அது வராத வீடுகளில், காலையில் பனி உலர்ந்ததும் பந்தல் கயிற்றை விரலால் நாலு தட்டுத் தட்டினால் போதும். பந்தல் இருந்தால் ஒரு தட்டில் இருபது செடியும் அதிரும்.

மாடியிலும் சுவரிலும்

மேலப்பாளையம், பேட்டை போன்ற நெருக்கமான தெருக்களில் கொல்லைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மொட்டை மாடி இருக்கிறது. ஆனால் பையிலோ தொட்டியிலோ ஊன்றிய கம்பு, காய்ப்பாரமும் மேல்காற்றும் சேர்ந்தால் பையோடு கவிழும். கம்பின் தலையை மாடிக் கைப்பிடிச் சுவரோடு கட்டுங்கள். பழைய இரும்புக் கட்டிலின் சட்டம் பரணில் கிடந்தால் அதைச் சுவரில் சாய்த்து, இரு மேற்புறக் கால்களையும் கட்டிவிட்டால், அதைவிட உறுதியான பந்தல் கிடையாது. பச்சைத் தட்டியாகச் செடி வளர்ந்து நிற்பது, மாடியில் துணி உலர்த்தும் பெண்களுக்கு நல்ல மறைப்பாகவும் ஆகும்.

பொதுச் சுவரில் ஆணியடிக்க நேர்ந்தால் முதலில் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களுக்கும் ஒரு நபிமொழி இருக்கிறது. தம் சுவரில் அண்டை வீட்டார் மரக்கட்டை பொருத்துவதை ஒருவர் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக அபூஹுரைரா (ரலி) அறிவித்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நம் தொட்டி நீர் அவர்கள் முற்றத்தில் சொட்டாமல் பார்த்துக்கொள்வது நம் பங்கு.

அறுவடை நாளின் உரிமை

திருமறை வசனத்துக்கு வருவோம். பழுத்ததும் உண்ணுங்கள் என்று அனுமதித்த கையோடு, அறுவடை நாளிலேயே அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுமாறு இறைவன் பணிக்கின்றான். நிலத்தின் விளைச்சலுக்குரிய உஷ்ர், காய்கறிகளுக்கும் உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. சேமித்து வைத்து உண்ணும் உணவுப் பொருள்களுக்கே அது உரியது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. வயலில் பெரிய அளவில் பயிரிடுவோர் தம் மத்ஹபின் உலமாக்களிடம் கேட்டுத் தெளிக. வீட்டுக் கொல்லையின் இருபது செடிக்கு இந்த விவாதம் எட்டாவிட்டாலும், அண்டை வீட்டாரின் உரிமை எட்டும். ஆணம் சமைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் அளிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னது யாவரும் அறிந்ததே. முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாகிறது என்ற நபிமொழியும் உண்டு. ஆகவே கிளி கொத்திய பழத்துக்காகச் சினங்கொள்ள வேண்டாம். அழுகிய பழத்துக்காக வருந்தினால் நியாயம். கிளியும் அணிலும் விட்டு வைக்காத வீடுகளில் மட்டும், பழம் வெளிறிச் சிவக்கத் தொடங்கும்போதே பறித்து, வெயில் படாத அறையில் பரப்பினால் நன்றாகவே பழுக்கும்.

பங்குனி முடிவில் செடி வற்றத் தொடங்கும். நோய்ப்பட்டவற்றை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போட வேண்டாம். கயிற்றை அவிழ்த்து, கம்புகளையும் பனைமட்டைகளையும் மண் உதறி, இரண்டு நாள் கடுவெயிலில் காயவைத்துக் கட்டாகக் கட்டித் தாழ்வாரத்தில் ஏற்றிவிடுங்கள். அந்தப் பாத்தியில் அடுத்துக் கத்தரியோ மிளகாயோ வைத்தால் தக்காளியின் நோய்களே அவற்றையும் பற்றும். கோடிக் கம்புகளை மட்டும் பிடுங்காமல் விட்டுவைத்து, ஆடியில் அங்கே ஒரு மேற்பந்தல் கட்டினால் புடலையும் பாகலும் ஏற்றலாம். அவற்றுக்குக் கயிறு கட்டத் தேவையில்லை, தாமே பிடித்துக்கொள்ளும்.